காய்ச்சல் நாலு நாள், ஓய்வு நாலு வாரம்

லீவில் என்ன கிழித்தாய் என்று வகுப்பில் கேட்ட எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்: குதிரைக்கு நாடி பார்த்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒரு மாதத்துக்கும் மேலாக. நாற்பது பக்க நோட்டு ஒன்று அதிலேயே தீர்ந்துவிட்டது. சிவில் படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் கீழே படிக்கவும்.

என் மாமா (அம்மாவின் தம்பி) கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரை விடுகிறார். ஒரே ஒரு குதிரை, பெயர் ராணி. செம்பழுப்பு நிறப் பெட்டை, ஒன்பது வயது. குதிரை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், மட்டக்குதிரைதான், சுமார் 250 கிலோ இருக்கும். கொடைக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஏரியைச் சுற்றிக் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் ரோடு. குழந்தையை மேலே உட்கார வைத்து, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மாமா பக்கத்திலேயே நடப்பார். அப்பா ஃபோட்டோ எடுப்பார். அம்மா "பாத்துப்பா, பாத்துப்பா" என்பார். இதுதான் தொழில்.

இந்தத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம்வரை வருகிற கூட்டம்தான் கூட்டம். அந்த ஆறு வாரத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்ட வேண்டும். ஐப்பசி மழையில் ஏரிக்கரை வெறிச்சோடிக் கிடக்கும்போதும் குதிரை சாப்பிடும். அதற்கு சீசன், ஆஃப் சீசன் எல்லாம் கிடையாது. லாடம் அடிக்கிறவருக்கும் கிடையாது.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள், ஏப்ரல் 24-ஆம் தேதி, ராணி தண்ணீர் குடிக்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றது. மூக்கிலிருந்து தண்ணியாக ஒழுகல், வறட்டு இருமல். சீசனுக்காக யாரோ கீழேயிருந்து ஓட்டிவந்த குதிரைகள் இரண்டு ஏரிக்கரையில் இருமிக்கொண்டிருந்ததாகப் பேச்சு. அடுத்த இரண்டு மூன்று நாளில் பக்கத்து லாயத்திலும் இருமல் கேட்டது.

மாட்டாஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்தார். தெர்மாமீட்டரில் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையை வால்முடியில் கிளிப் போட்டு மாட்டினார் (உள்ளே போய்விடாமல் இருக்கவும், கீழே விழுந்து உடையாமல் இருக்கவும்). 105 டிகிரி. குதிரைக்கு 99.5-லிருந்து 101.5 வரை இருந்தால் சாதாரணம். மூக்கில் பஞ்சை விட்டுச் சளி எடுத்துக்கொண்டார். ஃப்ளூவாகவும் இருக்கலாம், அதே மாதிரி இருமல் தரும் வேறு வைரஸாகவும் இருக்கலாம், ஆனால் இப்போதைக்குச் செய்ய வேண்டியது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்றார். ஜுரத்துக்கு ஊசி. வைரஸைக் கொல்ல மருந்து என்று எதுவும் தரவில்லை. ஆன்டிபயாடிக் கேட்ட மாமாவிடம், "சளி கெட்டியாகி மஞ்சளா வந்தா சொல்லுங்க, அப்பப் பாப்போம். இப்பப் போட்டா வைரஸுக்கு வலிக்காது" என்றார்.

நாலு நாள் ஜுரம் இருந்தது. ஐந்தாம் நாள் 101. ஆறாம் நாள் புல்லைக் கடித்தது. மாமா முருகனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு, சேணத்தைத் துடைக்க ஆரம்பித்தார். அன்றைக்கு டாக்டரம்மா வந்தபோது நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"எத்தன நாள் ஜுரம் இருந்துச்சு?"

"நாலு நாள் டாக்டரம்மா."

"அப்ப நாலு வாரம். அதுக்கு முன்னாடி சேணத்தத் தொடாதீங்க."

மாமா என்னைப் பார்த்தார். படித்தவன், பேசிக் குறைத்துத் தருவான் என்று நினைத்தாரோ என்னமோ. நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இது அவர் சொந்தமாகச் சொன்ன கணக்கு இல்லை. குதிரை வைத்தியத்தில் உலகம் முழுக்கச் சொல்கிற கணக்கு: ஜுரம் அடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு, எப்படியும் மூன்று வாரத்துக்குக் குறையக் கூடாது.

ஏன் இவ்வளவு நாள்? டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ரோமங்கள் இருக்கின்றன. அவை ஓயாமல் அசைந்து, உள்ளே போகிற தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இருபத்துநாலு மணி நேரமும் வாசல் பெருக்குகிற துடைப்பம் மாதிரி. ஃப்ளூ வைரஸ் அந்தத் துடைப்பத்தைத்தான் முதலில் அழிக்கிறது. ஜுரம் நாலு நாளில் போய்விடும். ரோமங்கள் திரும்ப முளைத்து ஒழுங்காக வேலை செய்ய மூன்று வாரமாவது ஆகும். நடுவில் இருக்கும் நாட்களில் குதிரையின் நுரையீரல் கதவில்லாத வீடு. அந்த நேரத்தில் ஓட விட்டால் மூச்சு வேகமாக வாங்கும், தூசியும் பாக்டீரியாவும் நேராக உள்ளே போகும், நிமோனியா வரலாம். சில சமயம் வைரஸ் இதயத் தசையையும் தொட்டிருக்கும். அது வெளியில் தெரியாது, வேலை வாங்கும்போதுதான் காட்டும்.

இன்னொன்றும் சொன்னார், எனக்கு அதுவரை தெரியாது. குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது. நமக்குச் சளி பிடித்தால் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடுகிறோம். குதிரைக்கு மூக்கு மட்டும்தான்.

பிரச்சினை என்னவென்றால், ஏழாம் நாளே ராணி நன்றாகிவிட்ட மாதிரி நின்றது. ரோட்டில் வேறு குதிரை போனால் காதை நிமிர்த்திக் கனைத்தது. கண்ணில் பளபளப்பு வந்துவிட்டது. வேட்டை மிருகங்களுக்குப் பயந்து வாழ்ந்த இனம், பலவீனத்தை வெளியில் காட்டினால் அன்றைக்கே செத்திருக்கும். அதனால் குதிரை தன் நோயை மறைப்பதில் கெட்டிக்காரன். கண்ணை நம்பாதே, எண்ணிப் பார் என்று டாக்டரம்மா சொன்னதால்தான் நோட்டு வாங்கினேன்.

நாடி பார்ப்பது சுலபம். தாடை எலும்பின் அடிப்பக்கம் விரலை உள்ளே விட்டு நகர்த்தினால் கயிறு மாதிரி ஒரு ரத்தக்குழாய் உருளும். கட்டைவிரலை வைக்கக் கூடாது, நம் நாடியே நமக்குக் கேட்கும். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். சும்மா நிற்கிற குதிரைக்கு நிமிஷத்துக்கு 28-லிருந்து 44 வரை இருக்கலாம். மூச்சு 8-லிருந்து 16. ஜுரத்தின்போது ராணியின் நாடி 60-ஐத் தொட்டது. ஏழாம் நாள், அந்தப் பளபளப்பான கண்ணோடு நின்றபோது, 52. அதாவது சும்மா நிற்பதற்கே அதன் இதயம் கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்தது. அந்த 52-ஐ மாமாவிடம் காட்டினேன். "அது என்னைய பாத்த சந்தோஷத்துல ஏறியிருக்கும் மாப்ள" என்றார். அப்புறம் சேணத்தை எடுத்துப் பரணில் வைத்தார்.

இனி டானிக் படலம்.

குதிரைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஏரிக்கரையில் எல்லோரும் டாக்டர்தான். கொள்ளை வேகவைத்து இரண்டு மடங்காகக் கொடு, தெம்பு வரும் என்றார் ஒருவர். தினம் ஆறு முட்டை என்றார் இன்னொருவர். பீர் ஊற்று என்றவரின் நோக்கம் குதிரைக்கா அவருக்கா என்று தெரியவில்லை :-) மலைப்பூண்டு அரைத்து உருட்டிக் கொடு என்று ஒரு பாட்டி. ரத்தம் ஊறட்டும் என்று இரும்புச்சத்து டானிக் பாட்டிலை மாமாவே வாங்கி வந்துவிட்டார், சிவப்பு நிறத்தில், லேபிளில் குதிரை பாய்கிற படத்தோடு. பந்தயக் குதிரைப் படத்தைப் பார்த்தால் வாங்காமல் வர முடியாதுதான்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் தள்ளினார். பூண்டு நமக்கு நல்லது. குதிரைக்கு அளவு மீறித் தொடர்ந்து கொடுத்தால் ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். இரும்புச்சத்து புல்லிலும் மண்ணிலும் குதிரைக்குத் தேவைக்கு மேலேயே கிடைக்கிறது. கூடுதலாக ஊற்றினால் வெளியே தள்ள வழியில்லாமல் ஈரலில் சேரும். முட்டை, பீர் பற்றிச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

ஆனால் கொள்ளு விஷயத்தில் சிரிக்கவில்லை. "கொள்ளுன்னா குதிரை" என்று பழமொழியே இருக்கிற ஊரில், கொள்ளைக் குறை என்றால் யார் கேட்பார்கள்? காரணம் சொன்னார். வேலை செய்கிற குதிரைக்குத் தருகிற தானியத்தை, வேலை செய்யாமல் நிற்கிற குதிரைக்குக் கொடுத்தால் அது தெம்பாக மாறாது. குடலில் புளித்து வயிற்றுவலி வரும், குளம்புக்குள் வீக்கம் வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ளே போனது போனதுதான். வெளிநாட்டில் வண்டிக் குதிரைகள் இருந்த காலத்தில் 'திங்கட்கிழமை நோய்' என்று ஒன்றுக்குப் பெயரே வைத்திருந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாது, ஆனால் தானியம் மட்டும் வழக்கம்போல முழு அளவு. திங்கள் காலை வண்டியில் பூட்டிக் கொஞ்ச தூரம் போனதும் பின்பக்கத் தசைகள் இறுகி, வேர்த்துக் கொட்டி, அப்படியே நின்றுவிடும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். பாசமாகப் போட்ட தீனி செய்கிற வேலை அது.

எனவே ராணிக்குக் கிடைத்தது இதுதான்: புல், புல், மேலும் புல். பச்சைப்புல் கிடைத்த நாளில் பச்சைப்புல், இல்லாத நாளில் காய்ந்த புல். காய்ந்த கணக்கில் நாளைக்கு நாலிலிருந்து ஐந்து கிலோ. கொள்ளு வழக்கமான அளவில் கால் பங்கு, ஊறவைத்து வேகவைத்தது. கொஞ்சம் தவிடு. நக்குவதற்குக் கல் உப்பு. அத்தை தன் கடையில் (ஏரிக்கரையில் மக்காச்சோளமும் காரட்டும் விற்கிறார்) மிஞ்சிய கோணல் காரட்டுகள். தண்ணீர் பன்னிரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடிக்கிறதா என்று வாளி அளந்து பார்ப்பது என் வேலை. கொடையின் குளிரில் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், குடிக்காது. ஒரு சொம்பு வெந்நீர் கலந்தால் குடித்துவிடும். இந்த ஒரு சொம்பு வெந்நீர்தான் எல்லா டானிக்கையும்விட அதிக வேலை செய்தது என்பது என் கருத்து.

தீனியைவிட லாயத்தில் செய்த மாற்றங்கள் பெரிது. காய்ந்த புல்லை அப்படியே போடாமல் தண்ணீரில் முக்கி எடுத்துப் போட்டோம், தூசி பறக்காமல் இருக்க. ராணி உள்ளே இருக்கும்போது பெருக்குவதை நிறுத்தினோம். குளிருமே என்று சாக்கால் அடைத்திருந்த ஜன்னலைத் திறந்தோம். குளிருக்குப் போர்வை போடலாம், கெட்ட காற்றுக்குப் போர்வை கிடையாது. சிறுநீர் ஈரத்திலிருந்து வருகிற அம்மோனியா நெடி, முளைத்துவருகிற அந்த ரோமங்களுக்கு எதிரி. முக்கியமாக, சுவரில் உயரமாக இருந்த தீனித்தொட்டியை எடுத்துத் தரையில் வைத்தோம். குதிரை தலையைக் குனிந்து மேய்வதற்காகவே அமைந்த உடம்பு. குனிந்தால்தான் சளி தானாக வழிந்து வெளியேறும். தலையைத் தூக்கிக் கட்டிவைத்தால் அத்தனையும் நுரையீரல் பக்கம் திரும்பும். ஏரிக்கரையில் நாள் முழுக்கக் குதிரைகளைத் தலை உயரக் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் கவனித்துப் பாருங்கள்.

பக்கத்து லாயத்து அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம். அவருடைய குதிரைக்கும் அதே வாரம் அதே ஜுரம், மூன்று நாள். அதே டாக்டரம்மா அவருக்கும் மூன்று வாரம் என்றார். அவர் எட்டாம் நாள் குதிரையை ஏரிக்கு ஓட்டிப் போனார். குதிரை வாங்கிய கடனுக்கு வாரவட்டி. வார வாரம் சனிக்கிழமை ஆள் வந்து நிற்பார். மலர்க் கண்காட்சிக் கூட்டம் வேறு, பிரையண்ட் பூங்காவில் தொடங்கி ஏரிவரை தலைகள். "நீ சொல்றதெல்லாம் சரிதான் தம்பி, வட்டிக்காரன்கிட்ட வந்து நாடி புடிச்சு சொல்லு" என்றார் என்னிடம். நான் என்ன பதில் சொல்ல? அந்தக் குதிரை சீசன் முழுக்க இருமிக்கொண்டே சுற்றியது. ஜூனில் இளைத்து, மேட்டில் ஏறும்போது நின்று நின்று ஏறியது. ஜூலையில் கீழே யாருக்கோ விற்றுவிட்டார், வாங்கியதில் பாதி விலைக்கு. அவரைக் கொடுமைக்காரர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராத்திரி குதிரைக்குத் தன் கம்பளியைப் போர்த்திவிட்டு அவர் வெறும் லுங்கியோடு படுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாமாவால் நாலு வாரம் காத்திருக்க முடிந்ததற்குக் காரணம் அவர் நல்லவர் என்பது மட்டும் இல்லை. அத்தையின் இரண்டு பவுன் செயின் அடகுக்குப் போனது. மாமா வாடகை சைக்கிள் கடையில் நாள் கூலிக்கு நின்றார். தன் குதிரையில் ஏற வேண்டிய குழந்தைகளுக்கு சைக்கிள் சீட்டை இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு மக்காச்சோளக் கடை இருந்தது. பக்கத்து அண்ணன் வீட்டில் செயினும் இல்லை, கடையும் இல்லை.

இந்தக் கேள்வி மண்டைக்குள் சுற்றியதால்தான் ராத்திரிகளில் சிக்னல் கிடைக்கிற மேட்டில் போய் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். ஓய்வுதான் மருந்து என்றால், அந்த மருந்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

1872 இலையுதிர் காலத்தில் கனடாவின் டொரன்டோ பக்கத்தில் கிளம்பிய ஒரு குதிரை நோய் சில வாரங்களில் அமெரிக்க நகரங்களுக்குப் பரவியது. அது ஃப்ளூ என்று இன்று கணிக்கிறார்கள். செத்தவை கொஞ்சம்தான், ஆனால் கிட்டத்தட்ட எல்லாக் குதிரைகளும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டன. டிராம் நின்றது, சரக்கு நின்றது. மனிதர்களே வண்டியில் தங்களைப் பூட்டிக்கொண்டு இழுத்தார்கள். நவம்பர் 9-ஆம் தேதி பாஸ்டனில் பெருந்தீ பிடித்தபோது தீயணைப்பு வண்டிகளை ஆட்கள்தான் இழுத்துப் போனார்கள். எழுநூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. நியூயார்க்கில் இருமுகிற குதிரைகளை முழுதாகத் தேறுவதற்குள் திரும்பப் பூட்டினார்கள். 1866-இல் அங்கே பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கிய ஹென்றி பெர்க் தெருவில் இறங்கி அந்த வண்டிகளை நிறுத்தினார். கம்பெனிக்காரர்கள் அவரைத் திட்டினார்கள். பெர்க் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நிறுத்திய வண்டிக்காரனின் அன்றைய கூலியைப் பற்றி நான் படித்த எதிலும் ஒரு வரி இல்லை.

2007 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்குள் முதல் தடவையாகக் குதிரை ஃப்ளூ நுழைந்தது. எச்3என்8 என்ற வகை. நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து இரண்டு மாநிலங்களிலும் சுமார் 10,000 பண்ணைகளிலும் லாயங்களிலும் பரவியது. குதிரைகள் நடமாட்டத்துக்கே தடை போட்டார்கள், தடுப்பூசி போட்டார்கள், அந்த டிசம்பரோடு நோயை ஒழித்தும்விட்டார்கள். அதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு விஷயம். வருமானம் நின்றுபோன குதிரைத் தொழிலாளிகளுக்கும், குதிரையை வைத்துப் பிழைப்பவர்களுக்கும் அரசாங்கம் உதவித்தொகை கொடுத்தது. நிற்கிற குதிரைக்குக் காசு! பணக்கார நாடு, பந்தயத் தொழில் பெரிது, ஒப்பிடக் கூடாது என்பீர்கள். சரி.

அடுத்த வருடமே, 2008 ஜூனில், நம் நாட்டில் ஜம்முவின் கட்ராவில் அதே எச்3என்8 வகை வந்தது. வைஷ்ணோ தேவி கோயிலுக்கு யாத்திரிகர்களைச் சுமந்து மலையேறுகிற மட்டக்குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இருக்கிற ஊர். மாமா செய்கிற அதே தொழில், பன்மடங்கு பெரிய அளவில். அங்கிருந்து பல மாநிலங்களுக்குப் பரவியது. ஹிசாரில் இருக்கும் தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் வைரஸைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டது, கட்டுரைகள் வந்தன. அந்தக் கட்டுரைகளில் வைரஸின் குடும்ப மரம் தெளிவாக இருக்கிறது. கட்ராவின் குதிரைக்காரர்கள் அந்த வாரங்களில் என்ன சாப்பிட்டார்கள் என்று யாராவது எழுதியிருந்தால் எனக்கு அனுப்புங்கள்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று ரூம்மேட் கேட்டான். இருக்கிறது. கால்நடைக் காப்பீட்டில் மாட்டோடு குதிரை, கழுதையும் சேர்த்திதான், அரசு மானியமும் உண்டு. குதிரை செத்தால் பணம் வரும். நாலு வாரம் சும்மா நின்றால் வராது. ஏரிக்கரையில் இதைச் சொன்னபோது ஒருவர், "அப்ப சாகடிச்சாத்தான் லாபம்னு சொல்லு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சரி, ராணிக்கு வருவோம்.

மே 25-ஆம் தேதி நாலு வாரம் முடிந்தது. சும்மா நிற்கும்போது நாடி 40. இருமல் பத்து நாளாக இல்லை. அன்றைக்கு முதல் நடை, சேணம் இல்லாமல், வெறும் கயிற்றில், சமதளத்தில் பத்து நிமிடம். நடந்து முடித்ததும் 72. பத்து நிமிடம் கழித்து 48. அந்த இரண்டாவது எண்தான் முக்கியம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பார். பத்து நிமிடத்தில் 60-க்குக் கீழே வந்துவிட்டால் அந்த அளவு வேலையை உடம்பு தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று நாளைக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் கூட்டினோம். நாலு வாரம் நின்ற காலில் தசை கரைந்திருந்தது, முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கொள்ளையும் நடையோடு சேர்த்து ஒரு பிடி ஒரு பிடியாகத்தான் ஏற்றினோம், நடை முதலில், கொள்ளு பிறகு. ஜூன் 2-ஆம் தேதி மாமா ஆசைப்பட்டு ஆனந்தகிரி மேட்டில் ஏற்றிப் பார்த்தார். இறங்கியதும் இரண்டு இருமல். பத்து நிமிடம் கழித்தும் 68. மறுநாள் நடையே இல்லை, அதற்கடுத்த நாள் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து. மாமா ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. எனக்கு ஜூன் 5-ஆம் தேதி பஸ். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஃபோன். "முப்பது நிமிஷம், அம்பத்தாறு" என்று எண்ணை மட்டும் சொல்லி வைத்துவிடுவார். எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டார், பதினைந்து வினாடிக்குத் தன் பழைய கீ கொடுக்கிற வாட்ச்சில்.

ஜூன் 21-ஆம் தேதி, காலிச் சேணத்தோடு ஏரியைச் சுற்றிப் பாதி. 24-இல் மாமாவின் மகளை, ஆறாம் வகுப்பு, இருபத்தெட்டு கிலோ, உட்கார வைத்து அதே பாதி. இருமல் இல்லை. பத்து நிமிடத்தில் 52. 28-ஆம் தேதி சனிக்கிழமை முதல் சவாரி. பள்ளிகள் திறந்து மூன்று வாரமாகிவிட்டதால் கூட்டமே இல்லை. நாள் முழுக்கக் காத்து மூன்று குழந்தைகள். சீசனில் ஒரு மணி நேரத்தில் வருகிற காசு. செயின் இன்னும் அடகில்தான் இருக்கிறது. தீபாவளிக்குள் மீட்டுவிடலாம் என்று அத்தை சொல்கிறார். மாமா ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் ஃபோனில் கேட்டேன், ராணி எப்படி என்று. மூன்று சுற்றுக்கு மேல் விடுவதில்லை, மேட்டில் தான் இறங்கி இழுத்துக்கொண்டு போகிறேன் என்றார். "நீங்கதான் எப்பவுமே நடந்துதானே மாமா போவீங்க?" என்றேன். "ஆமால்ல" என்றார்.

கடைசியாக ஒன்று. இதைப் படிப்பவர்களில் யாரிடமாவது குதிரை இருந்தால், அதற்கு ஜுரம் வந்தால், தயவுசெய்து பக்கத்திலிருக்கும் கால்நடை டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு மெயில் அனுப்ப வேண்டாம். நான் படிப்பது சிவில், அதிலும் சர்வேயிங்கில் அரியர்.